எலிசே மாளிகையும் உங்கள் வதிவிட அட்டையும்

தம்பி, பிரான்சுக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் இரண்டு விடயங்களைக் கேட்டிருந்தீர்கள்: இங்கே ஜனாதிபதி நினைத்ததெல்லாம் நடக்குமா, 2027இல் மக்ரோன் போன பிறகு நம்மைப் போன்ற வெளிநாட்டவரின் நிலை தலைகீழாகிவிடுமா. இலங்கையில் வளர்ந்தவருக்கு இந்த அச்சம் இயல்பானது. 1978இல் ஜே. ஆர். ஜெயவர்த்தனா கொண்டுவந்த அரசியலமைப்பு, பிரான்சின் ஐந்தாம் குடியரசிலிருந்து பலவற்றை எடுத்துக்கொண்டதுதான். ஆனால் அங்கே ஜனாதிபதியே அரசாங்கத்துக்கும் தலைவர். இங்கே அரசியலமைப்பின் 20ஆம், 21ஆம் உறுப்புரைகளின்படி நாட்டின் கொள்கையைத் தீர்மானிப்பது அரசாங்கம், அந்த அரசாங்கத்தை வழிநடத்துபவர் பிரதமர்.

எழுத்தில் உள்ளது அது. நடைமுறையில் ஜனாதிபதியின் பலம், தேசிய சட்டமன்றத்தில் அவருக்கு எத்தனை உறுப்பினர்கள் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தே ஏறியிறங்குகிறது. மக்ரோனின் எழுச்சியும் சரிவுமே இதற்குச் சான்று. 2004இல் உயர் நிர்வாகக் கல்லூரியில் படிப்பை முடித்து, நிதித்துறைப் பரிசோதகராகவும் பின்னர் ஒரு முதலீட்டு வங்கியிலும் பணிபுரிந்து, 2012இல் அப்போதைய ஜனாதிபதி பிரான்சுவா ஒல்லாந்தின் செயலகத்துக்குள், ஜனாதிபதியின் இல்லமான எலிசே மாளிகைக்குள், நுழைந்து, 2014இல் பொருளாதார அமைச்சரானவர் அவர். 2016 ஏப்ரலில் தம் பிறந்த ஊரான அமியன்சில் சொந்த இயக்கத்தைத் தொடங்கி, ஓகஸ்ட்டில் அமைச்சர் பதவியைத் துறந்து, 2017 மே மாதத்தில் தமது 39ஆவது வயதில் ஜனாதிபதியானார். அதற்கு முன்பு அவர் எந்தத் தேர்தலிலும் வென்றவரல்லர். ஒல்லாந்து மீண்டும் போட்டியிடாததும், வலதுசாரி வேட்பாளர் பியோன் மனைவிக்கு அரச பணத்தில் சம்பளம் கொடுத்த விவகாரத்தில் சிக்கியதும் அவருக்கு வழிவிட்டன என்பதைச் சொல்லாமல் அவருடைய திறமையை மட்டும் புகழ்வது சரியாக இராது.

அடுத்த மாதமே நடந்த சட்டமன்றத் தேர்தலில் 577 ஆசனங்களில் ஏறத்தாழ 350 அவரது அணிக்குக் கிடைத்தன. ஜனாதிபதியின் பதவிக்காலத்தை ஏழு ஆண்டிலிருந்து ஐந்தாகக் குறைத்த 2000ஆம் ஆண்டு சர்வசன வாக்கெடுப்புக்குப் பிறகு, இரண்டு தேர்தல்களும் அடுத்தடுத்து வருவதால் கிடைக்கும் பலன் இது. 2022இல் மீண்டும் வென்றபோது அந்தப் பெரும்பான்மை கிடைக்கவில்லை. ஆகவே 2023இல் ஓய்வூதிய வயதை 62இலிருந்து 64ஆக உயர்த்தும் சட்டத்தை, வாக்கெடுப்பின்றி நிறைவேற்ற இடந்தரும் 49.3 என்ற வழியால் (அரசியலமைப்பின் 49ஆம் உறுப்புரையின் மூன்றாம் பந்தி) அரசாங்கம் கொண்டுவந்தது. அதையடுத்து வந்த நம்பிக்கையில்லாப் பிரேரணை வெறும் ஒன்பது வாக்குகளால் தோற்றது. 2024 ஜூனில் அவர் சட்டமன்றத்தைக் கலைத்தார். புதிய சட்டமன்றம் மூன்று கூறாகப் பிரிந்து வந்தது; அந்த டிசம்பரில் பார்னியே அரசாங்கமும், 2025 செப்டெம்பரில் பைரூ அரசாங்கமும் வீழ்ந்தன. பிரதமரை நியமிக்கும் அதிகாரம் மக்ரோனிடம் அப்படியே இருந்தது. நியமித்தவரை நிலைநிறுத்தும் அதிகாரந்தான் இல்லை.

உங்கள் கவலை இதைவிடக் கீழே, பிரிபெக்சர் கட்டடத்தில் இருக்கிறது. அங்கே இருப்பவர் மாவட்டத்தில் மத்திய அரசின் பிரதிநிதியான பிரிபே. நெப்போலியன் 1800இல் உருவாக்கிய அந்தப் பதவி, நம்முடைய கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) இருக்கும் அரசாங்க அதிபரை ஒத்தது. அவரை மக்கள் தெரிவு செய்வதில்லை, அமைச்சரவைக் கூட்டத்தில் ஜனாதிபதியின் ஆணையால் நியமிக்கப்படுகிறார். நம்மவர் விசா என்று சொல்லும் வதிவிட அட்டையைக் கொடுப்பதும் மறுப்பதும் அவருடைய கையெழுத்தில் நடக்கின்றன. புதிதாக வருபவர்கள் மேரி எனப்படும் நகரசபைக்குப் போய் நகர முதல்வரிடம் கடிதம் கேட்கிறார்கள். கடிதம் ஆதரவாக அமையலாம், ஆனால் முதல்வருக்கு வதிவிட அனுமதி வழங்கும் அதிகாரம் கிடையாது.

இந்த இடத்தில்தான் மத்திய அரசின் கை எவ்வளவு சத்தமின்றி நீளும் என்பதைப் பார்க்கலாம். வதிவிட அனுமதி இல்லாமல் இருப்பவர்களுக்கு விதிவிலக்காக அனுமதி வழங்குவது பற்றி 2012 நவம்பரில் உள்துறை அமைச்சர் வால்ஸ் ஒரு சுற்றுநிருபம் அனுப்பினார். பலர் ஐந்தாண்டு வாழ்க்கையைக் காட்டி அதன் அடிப்படையில் விண்ணப்பித்தார்கள். 2025 ஜனவரியில் உள்துறை அமைச்சர் ரத்தாயோ அதை நீக்கி, ஏழாண்டு வதிவை அளவுகோலாகச் சொல்லும் இன்னொரு சுற்றுநிருபத்தைப் பிரிபேக்களுக்கு அனுப்பினார். ஜனாதிபதியும் மாறவில்லை, புதிய சட்டமும் வரவில்லை. அதற்கு மாறாக, 2023 டிசம்பரில் பெரும் ஆரவாரத்தோடு நிறைவேறிய குடிவரவுச் சட்டத்தின் 86 உறுப்புரைகளில் 35ஐ, சட்டங்கள் அரசியலமைப்புக்கு இணங்குகின்றனவா என்று பார்க்கும் அரசியலமைப்புச் சபை அடுத்த மாதமே முழுமையாகவோ பகுதியாகவோ நீக்கிவிட்டது. குடும்பக் கொடுப்பனவுக்கு ஐந்தாண்டு காத்திருக்க வேண்டும் என்ற விதியும் அதில் போயிற்று. தொலைக்காட்சி விவாதங்களைவிட உள்துறை அமைச்சர் யார் என்பதையே நான் கவனிப்பது இதனால்தான்.

நீங்கள் அகதித் தஞ்சம் கோரியிருப்பதாக எழுதியிருந்தீர்கள். அப்படியானால் முதல் முடிவு பிரிபேயிடம் இல்லை, தஞ்சக் கோரிக்கைகளை ஆராயும் ஒப்ரா (OFPRA) அலுவலகத்திடம் இருக்கிறது. தனித்தனிக் கோரிக்கைகளில் அந்த அலுவலகம் எவரிடமிருந்தும் கட்டளை பெறக்கூடாது என்று 2015ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. மறுக்கப்பட்டால் ஒரு மாதத்துக்குள் தேசியத் தஞ்ச நீதிமன்றத்தில் மேன்முறையீடு செய்ய வேண்டும். அகதியாக ஏற்கப்பட்டால் பத்தாண்டு அட்டை மொழிப் பரீட்சையின்றிக் கிடைக்கும். வேறு வழியில் அட்டை பெறுபவர்களுக்கு 2026 ஜனவரியிலிருந்து பிரெஞ்சு மொழியில் பல்லாண்டு அட்டைக்கு ஏ2, பத்தாண்டு அட்டைக்கு பி1, குடியுரிமைக்கு பி2 என்ற நிலை தேவைப்படுகிறது (ஏ2 இவற்றில் தாழ்ந்தது, பி2 உயர்ந்தது). குடியுரிமைக்கு அகதிகளும் பிரெஞ்சு மொழி காட்ட வேண்டும். 2027இல் யார் வென்றாலும் இந்த நிலை குறையும் என்று நான் எதிர்பார்க்கவில்லை, எனவே ஒப்ராவின் பதிலுக்காகக் காத்திருக்காமல் வகுப்பில் இப்போதே சேர்ந்துவிடுங்கள்.