எல்லாம் ‘லாம்’ இல்லை: ஆங்கிலப் பேப்பர் படித்தும் மார்க் ஏறாத மகளுக்கு

காசிமேட்டிலிருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்கு,

மகள் பி.காம் முடித்து இரண்டு வருடமாக வங்கித் தேர்வு எழுதுகிறார். கணக்கும் ரீசனிங்கும் தேறிவிடுகின்றன, ஆங்கிலத்தில்தான் கட்-ஆஃப் தாண்டவில்லை. தினமும் ஒரு மணி நேரம் ஆங்கிலப் பேப்பர் படித்தும் பலனில்லை, இனி இதை விட்டுவிட்டு வேறு வேலை தேடச் சொல்லட்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு விடச் சொல்லாதீர்கள். நீங்கள் அனுப்பிய மாக் டெஸ்ட் தாள்களில் தவறான விடைகளை மட்டும் வரிசையாகப் பார்த்தால் ஒரே இடத்தில்தான் திரும்பத் திரும்ப மார்க் போயிருக்கிறது. கடினமான வார்த்தைகளில் போகவில்லை. மே (may), மைட் (might), குட் (could), வுட் (would), ஷுட் (should), மஸ்ட் (must) என்ற சின்னச் சொற்களில், அதாவது துணைவினைகளில் போயிருக்கிறது.

வங்கி அதிகாரி வேலைக்கான ஐபிபிஎஸ் பிஓ முதல்நிலைத் தேர்வில் ஆங்கிலத்துக்கு 30 கேள்வி, 20 நிமிடம். தப்பான விடைக்குக் கால் மார்க் கழியும். பத்தியைப் படித்து விடை சொல்லும் கேள்விகளில் பொறி வைக்கும் முறை பழகியதுதான்: பத்தியில் ‘மே ரெட்யூஸ்’ என்று இருக்கும், விடையில் ‘வில் ரெட்யூஸ்’ என்று கொடுத்திருப்பார்கள். குறைக்கக்கூடும் என்பதும் குறைக்கும் என்பதும் ஒன்றல்ல. 40 நொடிக்கு ஒரு கேள்வி என்ற வேகத்தில் ஓடுகிறவர் கண்ணில் ‘ரெட்யூஸ்’ மட்டும்தான் படும்.

இது ஏன் நம் பிள்ளைகளுக்கு அதிகமாக நடக்கிறது? தமிழில் ‘லாம்’ என்ற ஒரு விகுதியே பல வேலை செய்கிறது. ‘நீ போகலாம்’ என்றால் அனுமதி. ‘மழை வரலாம்’ என்றால் ஊகம். ‘வா, சாப்பிடலாம்’ என்றால் அழைப்பு. பள்ளியில் மே என்றாலும் கேன் என்றாலும் குட் என்றாலும் ‘லாம்’ என்று எழுதிப் பழகிவிட்டார்கள். அதேபோல மஸ்ட், ஷுட், ஹாவ் டு மூன்றுக்கும் ‘வேண்டும்’. ஆங்கிலச் செய்தியாளர் ஒவ்வொன்றையும் பார்த்துப் பார்த்துத்தான் போடுகிறார். எது தனக்கு உறுதியாகத் தெரியும், எது பிறர் சொன்னது, எது வெறும் சந்தேகம் என்று அவர் காட்டும் இடமே அந்தச் சொல்தான்.

அதிகம் சறுக்குவது ‘குட் ஹாவ்’. தீ விபத்துச் செய்தியில் இப்படி இரண்டு வரி வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். முதலாவது: ‘அ ஷார்ட் சர்க்யூட் குட் ஹாவ் காஸ்ட் தி ஃபயர், போலீஸ் செட்.’ இரண்டாவது: ‘தி டெத்ஸ் குட் ஹாவ் பீன் அவெர்டட்.’ முதல் வரியில் மின்கசிவு காரணமாக இருந்திருக்கலாம், இன்னும் தெரியாது. இரண்டாவதில் உயிர்கள் போய்விட்டன, தடுத்திருக்க முடியும், தடுக்கவில்லை. முதலாவது ஊகம், இரண்டாவது குற்றச்சாட்டு. மகள் இரண்டையும் ஊகமாகவே எடுத்துக்கொண்டிருக்கிறார். அதனால் ‘ஆசிரியரின் தொனி என்ன’ என்ற கேள்விக்கு ‘விமர்சனம்’ என்பதை விட்டு ‘ஐயம்’ என்பதைக் குறித்திருக்கிறார்.

இதைப் புரியவைக்க இலக்கணப் புத்தகம் வேண்டாம். மின்ட் ஸ்டாண்டில் நின்றுகொண்டு ‘பஸ் போயிருக்கலாம்’ என்கிறோம். பஸ் போனதா இல்லையா, தெரியாது. ஆட்டோவுக்குக் காசு கொடுத்துவிட்டு ‘பஸ்லயே போயிருக்கலாம்’ என்கிறோம். போகவில்லை என்பது நன்றாகவே தெரியும். அதே ‘போயிருக்கலாம்’தான். முதலாவது தெரியாததைப் பற்றியது, இரண்டாவது நடக்காமல் போனதைப் பற்றியது. மகளுக்கு இந்த வித்தியாசம் காதில் ஏற்கெனவே இருக்கிறது. ‘குட் ஹாவ்’, ‘மைட் ஹாவ்’ வரும்போதெல்லாம் ‘இது நடந்ததா இல்லையா என்பது எழுதியவருக்குத் தெரியுமா?’ என்று ஒரு முறை கேட்டுக்கொள்ளட்டும். தெரியாது என்றால் ஊகம். நடக்கவில்லை என்று தெரியும் என்றால் ஆதங்கம் அல்லது குற்றச்சாட்டு. ‘மே ஹாவ்’ பெரும்பாலும் ஊகத்துக்கு மட்டும்தான்.

அடுத்தது ‘வுட்’. பயிற்சி வகுப்பில் ‘இஃப்’ வாக்கியத்தோடு சேர்த்தே சொல்லித்தருவதால், வுட் என்றாலே ‘நடந்திருக்கும்’ என்று பிள்ளைகள் எழுதிவிடுகிறார்கள். நாளிதழ்ச் செய்தியில் வுட் மிகுதியாக வருவது பிறர் பேச்சைச் சொல்லும்போது. ‘தி அஃபிஷியல் செட் தி பிரிட்ஜ் வுட் பி ஓபன்ட் இன் ஜூன்’ என்றால் ‘பாலம் ஜூனில் திறக்கப்படும் என்றார் அதிகாரி’, அவ்வளவுதான். அவர் சொன்னபோது ‘வில்’. ‘செட்’ என்று கடந்த காலத்தில் எழுதியதால் ‘வுட்’ ஆனது. திறந்தார்களா என்பதை அந்த வரி சொல்லவில்லை. அப்படிக் கேட்டால் ‘பத்தியிலிருந்து சொல்ல முடியாது’ என்பதுதான் விடை. தலைப்பில் வில் வரும் இடத்தில் வெறும் ‘டு’ வரும்: ‘பிரிட்ஜ் டு ஓபன் இன் ஜூன்’. இடம் மிச்சம் பிடிக்கும் வழக்கம் அது.

தலையங்கம் வேறு உலகம். அங்கே ‘மஸ்ட்’ என்றால் எழுதுகிறவர் அழுத்திச் சொல்கிறார், ‘ஷுட்’ என்றால் பரிந்துரைக்கிறார். ‘தி கவர்ன்மென்ட் கேனாட் லுக் அவே’ என்ற வரியைப் பலர் ‘அரசால் முடியாது’ என்று படிக்கிறார்கள். ‘அரசு கண்டும் காணாமல் இருக்கக் கூடாது’ என்பதே பொருள். செய்திப் பக்கத்தில் ‘மஸ்ட்’ வந்தால், அதற்குப் பக்கத்தில் யாரோ ஒருவர் பேசிக்கொண்டிருப்பார் அல்லது ஒரு விதி இருக்கும். ‘ஷுட்’ இன்னும் இரண்டு வேடம் போடும். ‘தி ஒர்க் ஷுட் பி ஓவர் பை மார்ச்’ என்றால் மார்ச்சில் முடிந்துவிடும் என்ற எதிர்பார்ப்பு. ‘ஷுட் தி வாட்டர் லெவல் ரைஸ்’ என்று வாக்கியம் தொடங்கினால் ‘நீர்மட்டம் உயர்ந்தால்’.

‘ஷல்’ சட்டத்தின் சொல். அரசமைப்புச் சட்டத்தின் 200-ஆவது பிரிவைப் பாருங்கள். ஆளுநர் மசோதாவைத் திருப்பி அனுப்புவதற்கு ‘மே’ போட்டிருக்கிறார்கள். சட்டமன்றம் அதை மறுபடி நிறைவேற்றி அனுப்பினால் ‘ஷல் நாட் வித்ஹோல்ட் அஸென்ட்’. முன்னது அனுப்பலாம், பின்னது ஒப்புதலை நிறுத்திவைக்கக் கூடாது. இதைத் தெரிந்துகொண்டு படித்தால் ஆளுநர்–மசோதா வழக்குச் செய்திகள் பாதி புரிந்துவிடும்.

மழைச் செய்திக்கு உங்கள் வீட்டிலேயே ஆசிரியர்கள் இருப்பார்கள். கடலுக்குப் போகிறவர்களுக்கு எச்சரிக்கையின் ஒவ்வொரு சொல்லும் முக்கியம். இந்திய வானிலை ஆய்வுத் துறையின் அறிக்கையில் ‘லைக்லி’ என்றால் 25 முதல் 50 சதவீத வாய்ப்பு, ‘வெரி லைக்லி’ 50 முதல் 75, ‘மோஸ்ட் லைக்லி’ 75-க்கு மேல். அதே அறிக்கை நாளிதழுக்கு வரும்போது ‘மே’ ஆகவோ, அவசரத் தலைப்பில் ‘வில்’ ஆகவோ மாறிவிடுவதுண்டு. அறிக்கையையும் செய்தியையும் பக்கத்தில் வைத்து இரண்டு நாள் படித்தாலே எங்கே உறுதி கூடியது, எங்கே குறைந்தது என்று மகள் கண்டுபிடித்துவிடுவார்.

இனி செய்ய வேண்டியது. ஒரு மணி நேரம் வேண்டாம், காலையில் 25 நிமிடம் போதும். ஒரு செய்தி, ஒரு தலையங்கம். போனில் படித்தால் குறிக்க முடியாது, ஆகவே அச்சுப் பேப்பர். வாங்க முடியாவிட்டால் கிளை நூலகத்தில் படித்து, தேவையான வரிகளை நோட்டில் எழுதிக்கொள்ளட்டும். துணைவினை வரும் வரிகளில் 15 மட்டும் எடுத்து, அந்த வினையை முழுதாகத் தமிழில் எழுத வேண்டும். வெறும் ‘லாம்’ எழுதக் கூடாது; ‘இருக்கக்கூடும்’, ‘தடுத்திருக்க முடியும்’, ‘அனுமதி உண்டு’ என்று பிரித்து எழுத வேண்டும். பக்கத்தில் இரண்டு குறிப்பு: யார் சொல்வது, எவ்வளவு உறுதி. முதல் வாரம் மே, மைட், குட் மட்டும். இரண்டாம் வாரம் வுட். மூன்றாவதில் ஷுட், மஸ்ட், கேனாட். நான்காம் வாரம் கலந்து. ஆர்வத்தில் ஒரே நாளில் 60 வரி எழுதிவிட்டு மூன்றாம் நாள் நோட்டை மூடிவிடுகிறவர்கள்தான் அதிகம், அதனால் 15-ஐத் தாண்ட விடாதீர்கள். இந்த ஒரு மாதம் புது வார்த்தைப் பட்டியல் மனப்பாடமும் வேண்டாம்.

பயிற்சிக்கு நம் பகுதிச் செய்தியையே எடுக்கலாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தின்போது எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் பரவியதே, அதைப் பற்றிய செய்தி, தலையங்கம், பசுமைத் தீர்ப்பாய விசாரணைச் செய்தி மூன்றும் இணையத்தில் கிடைக்கும். நடந்தது ஒன்றுதான், மூன்றிலும் துணைவினைகள் எப்படி மாறுகின்றன என்று பார்க்கட்டும். கண்ணால் கண்ட ஊர் என்பதால் பொருள் தடுக்காது, சொல் மட்டும் தனியாகத் தெரியும்.

நீங்களும் உதவலாம், ஆங்கிலம் தெரிய வேண்டியதில்லை. மாலையில் அவர் நோட்டிலிருந்து மூன்று வரியைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். ‘இது யார் சொன்னது? நடந்துடுச்சா, நடக்குமா, நடக்காம போச்சா?’ என்று கேளுங்கள். பதில் தடுமாறினால் அந்த வரியை மட்டும் மறுநாள் மறுபடி எழுதச் சொல்லுங்கள்.

பழைய வண்ணாரப்பேட்டை சர் தியாகராயா கல்லூரி வளாகத்தில் அரசு நடத்தும் இலவசப் போட்டித் தேர்வுப் பயிற்சிக்குச் சேர்க்கை அறிவிப்பு வரும்போது விண்ணப்பியுங்கள். வீட்டிலிருந்து பக்கம், கட்டணச் சுமையும் இல்லை. நான்காம் வாரம் முடிந்ததும் பழைய மாக் டெஸ்ட்களில் தப்பான பத்திக் கேள்விகளை மட்டும் புதிதாகப் போடச் சொல்லி, இரண்டு விடைத்தாளையும் சேர்த்து எனக்கு அனுப்புங்கள். முதல்நிலைத் தேர்வுக்கு எத்தனை முழு டெஸ்ட் எழுத வேண்டும் என்பதை அதைப் பார்த்துச் சொல்கிறேன்.