வாசகர் கேள்வி–பதில்: ஸ்டெம் செல் வளர்ப்பு

கேள்வி: முதுநிலை உயிரித்தொழில்நுட்பம் முடிக்கவிருக்கிறேன். கல்லூரியில் ஹீலா செல்களை வளர்த்துப் பழகியிருக்கிறேன். அடுத்து, மனித ஸ்டெம் செல்களை (பலவகைச் செல்களாக மாறக்கூடிய மூலச் செல்களை) வளர்க்கும் ஆய்வகத்தில் சேர இருக்கிறேன். எந்த வகையில் வேறுபாடு இருக்கும்? (வாசகி, திருச்சி)

பதில்: ஹீலாவில் பழகிய கை வீண்போகாது. 37 டிகிரி வெப்பம், 5 சதவீதக் கரியமில வாயு, 70 சதவீத ஆல்கஹாலால் துடைத்த மேடை ஆகியவை இங்கும் அவையே. ஆனால் ஹீலா புற்றுநோய்ச் செல். சனி, ஞாயிறு கவனிக்காமல் விட்டாலும் திங்கள்கிழமை உயிரோடு இருக்கும். கரு ஸ்டெம் செல்லோ, ஷின்யா யமனகா குழுவினர் 2006-இல் எலிச் செல்லிலிருந்தும் 2007-இல் மனிதச் செல்லிலிருந்தும் உருவாக்கிக் காட்டிய ஐபிஎஸ் செல்லோ (சாதாரண உடற்செல்லை ஸ்டெம் செல் நிலைக்குத் திருப்பியது) அவ்வளவு பொறுமை உடையவை அல்ல. வழக்கமான முறைகளில் செல்களுக்கு உணவாகும் திரவமான வளர்ப்பு ஊடகத்தை நாள்தோறும் மாற்ற வேண்டும். தட்டிலும், செல்கள் ஒட்டிக்கொள்ள உதவும் மேட்ரிஜெல் அல்லது விட்ரோநெக்டினை முன்கூட்டியே பூசியிருக்க வேண்டும்.

உங்களுக்குப் பெரிதும் புதிதாக இருக்கப்போவது செல்களைப் பிரித்து வேறு தட்டுக்கு மாற்றும் வேலைதான். ஹீலாவைப் போல ட்ரிப்சின் என்னும் நொதியை இட்டுத் தனித்தனிச் செல்களாகப் பிரித்தால் இவற்றில் பெரும்பாலானவை இறந்துவிடும். எனவே செல்களின் பிணைப்பைத் தளர்த்தும் ஈடிடிஏ கரைசலில் சில நிமிடங்கள் வைத்து, செல்களுக்கிடையே மெல்லிய இடைவெளி தெரியத் தொடங்கியதும் கரைசலை உறிஞ்சிவிட்டு, புதிய ஊடகத்தை ஊற்றிச் சிறு கொத்துகளாகக் கிளப்ப வேண்டும். பிப்பெட்டால் மீண்டும் மீண்டும் ஏற்றி இறக்கினால் கொத்துகள் சிதைந்துவிடும். தனிச் செல்லாகப் பிரித்தே ஆக வேண்டிய சோதனைகளில் பிரிந்த செல்கள் இறப்பதைக் குறைக்கும் ஒய்-27632 என்னும் ராக் தடுப்பானைச் சேர்ப்பார்கள்.

கைப்பழக்கத்தைவிடக் கண்பழக்கம் வருவதற்கே நாளாகும். நல்ல காலனியின் (செல் கூட்டத்தின்) விளிம்பு துல்லியமாக இருக்கும். செல்கள் நெருங்கி அமைந்திருக்கும். உட்கரு பெரிதாகத் தெரியும். விளிம்பு கலைந்து, செல்கள் தட்டையாகப் பரவினால் அவை வேறு வகைச் செல்களாக மாறத் தொடங்கிவிட்டன என்று கொண்டு, அந்தப் பகுதியைப் பிப்பெட் நுனியால் சுரண்டி நீக்கிவிடுவார்கள். தொடக்கத்தில் சோதனை எதையும் மேற்கொள்ளாமல், தினமும் நுண்ணோக்கியில் பார்த்துப் படமெடுத்து வைப்பதையே வேலையாகக் கொள்ளுங்கள் என்பது என் ஆலோசனை. வழிகாட்டி அவசரப்படுத்தினாலும் இதை விட்டுவிட வேண்டாம்.

கண்ணுக்கு அகப்படாத கேடு ஒன்றும் உண்டு. நீண்ட நாள் வளர்ப்பில் 12, 17, 20 ஆகிய குரோமோசோம்களின் முழுமையோ பகுதியோ மிகுதியாகிவிடும் செல்கள் தோன்றி, வேகமாகப் பெருகி மற்றவற்றை முந்திவிடக்கூடும். செல்கள் முன்னைவிட நன்றாக வளர்வதாக மகிழும் நேரமே அவற்றைக் குரோமோசோம் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டிய நேரம். ஆகையால் தொடக்கத் தலைமுறைச் செல்களைப் போதிய அளவில் திரவ நைட்ரஜனில் உறையவைத்துக்கொள்வது முதல் வேலையாக இருக்கட்டும்.

கேள்வி: ஊடகத்தில் ஆன்டிபயாடிக் சேர்த்தால் தொற்றுப் பயம் இல்லைதானே? (வாசகர், கோவை)

பதில்: பயம் போகும், தொற்று போகாது. மைக்கோபிளாஸ்மா என்னும் மிக நுண்ணிய பாக்டீரியாவுக்குச் செல்சுவர் இல்லை. ஆகவே செல்சுவர் உருவாவதைத் தடுக்கும் பென்சிலின் அதை ஒன்றும் செய்யாது. அது புகுந்தாலும் ஊடகம் கலங்குவதில்லை. டி.என்.ஏ.வைப் பெருக்கிக் கண்டறியும் பிசிஆர் போன்ற சோதனையில்தான் தெரியவரும். புதிதாக வந்த செல்களைச் சோதனை முடிவு வரும்வரை தனி இன்குபேட்டரில் வையுங்கள்.