டீலக்ஸ் பதிப்புக்குக் கூடுதல் பணம் தரலாமா?

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகன், கணினியில் ஆடும் கேம் ஒன்றை முழு விலை கொடுத்து வாங்கினான். இரண்டு வாரம்கூட ஆகவில்லை. அதே கேமுக்கு ‘டீலக்ஸ் அப்கிரேடு’ இருக்கிறது, அதையும் வாங்கினால்தான் முழுமையாக ஆட முடியும் என்கிறான். வாங்கிய பொருளுக்கே மறுபடியும் பணம் கொடுக்க வேண்டுமா?
– ஒரு வாசகி, ஈரோடு

பதில்: அந்தக் கேமை இதுவரை எத்தனை மணி நேரம் ஆடியிருக்கிறான் என்று முதலில் அவனிடம் கேளுங்கள். அடிப்படைக் கதையையே பாதி தாண்டாதவனுக்கு அப்கிரேடு இப்போது தேவையில்லை. பெரும்பாலான அப்கிரேடுகள் கேம் வெளிவந்து பல மாதங்கள் கழிந்த பின்னும் இணையக் கடைப் பக்கத்தில் அப்படியே இருக்கும். தள்ளுபடிக் காலத்தில் விலை குறைவதும் உண்டு.

‘முழுமையாக’ என்று அவன் சொல்வதையும் கொஞ்சம் சோதித்துப் பார்க்க வேண்டும். டீலக்ஸ் என்ற சொல்லுக்கு இந்தத் தொழிலில் பொதுவான அளவுகோல் எதுவும் இல்லை. 2022 பிப்ரவரியில் வந்த ‘எல்டன் ரிங்’ கேமின் சாதாரணப் பதிப்பு அமெரிக்காவில் 60 டாலர், டீலக்ஸ் பதிப்பு 80 டாலர். அந்த 20 டாலருக்குக் கிடைத்தவை ஓவியத் தொகுப்பு ஒன்றும் பின்னணி இசையும் மட்டுமே. 2024 ஜூனில் அதன் பெரிய கூடுதல் கதைப் பகுதி வந்தபோது, டீலக்ஸ் வாங்கியவர்களும் மற்றவர்களைப் போலவே தனியாக 40 டாலர் கொடுக்க வேண்டியிருந்தது. (இப்படிப்பட்ட டிஜிட்டல் ஓவியத் தொகுப்பு ஒன்று என் கணினியிலும் கிடக்கிறது, வாங்கிய அன்று இரவு பத்து நிமிடம் புரட்டியதோடு சரி.)

2023 செப்டம்பரில் வந்த ‘ஸ்டார்ஃபீல்டு’ இதற்கு நேர்மாறானது. மாதச் சந்தாவான கேம் பாஸ் வழியாக ஆடியவர்களுக்கு அதன் பிரீமியம் அப்கிரேடு 35 டாலர். அதில் ஐந்து நாள் முன்னதாகவே ஆடத் தொடங்கும் சலுகை, துப்பாக்கிக்கும் விண்வெளி உடைக்கும் தலைக்கவசத்துக்குமான ஸ்கின்கள் (தோற்றத்தை மட்டும் மாற்றும் அலங்காரங்கள்), ஓவியமும் இசையும், அவற்றோடு பின்னால் வரவிருந்த ஒரு கதைப் பகுதியும் அடங்கியிருந்தன. அந்தக் கதைப் பகுதி 2024 செப்டம்பர் 30 அன்றுதான் வந்தது. அப்போது தனியாக வாங்கினால் 30 டாலர். கணக்குப் போட்டால் நஷ்டமில்லை என்றே தோன்றும். ஆனால், எப்படி இருக்கும் என்று யாருக்குமே தெரியாத ஒன்றுக்கு, ஓராண்டுக்கும் மேலாக முன்பணம் கட்டிவிட்டுக் காத்திருந்தார்கள் என்பதையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். கடைசியில் அது வந்தபோது, கணினிக் கேம்களை விற்கும் ‘ஸ்டீம்’ என்ற இணையக் கடையில், ஆடியவர்கள் எழுதிய மதிப்புரைகளில் கசப்பே மிகுந்திருந்தது. பொறுத்திருந்தவர்கள் அவற்றைப் படித்துவிட்டு முடிவெடுத்தார்கள்.

ஆகவே, அப்கிரேடின் பட்டியலில் ஆடுவதற்கு என்ன இருக்கிறது, பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று உங்கள் மகனையே பிரித்து எழுதச் சொல்லுங்கள். புதிய கதையோ புதிய இடமோ ஏற்கெனவே வெளிவந்து, அதன் தனி விலையைவிட அப்கிரேடு மலிவாகவும் இருந்து, அடிப்படைக் கேமையும் அவன் விரும்பி ஆடி முடித்திருந்தால், தாராளமாக வாங்கிக் கொடுக்கலாம். உடையும் ஆயுத அலங்காரமும் மட்டும்தான் என்றால், அது அவன் கைச்செலவுப் பணத்தில் வாங்க வேண்டிய சங்கதி. 2006-இல் ‘ஆப்ளிவியன்’ கேமில் குதிரைக்குக் கவசம் மாட்ட இரண்டரை டாலர் கேட்டபோது உலகமே கேலி செய்தது. 2025 ஏப்ரலில் அதே கேம் புதுப்பிக்கப்பட்டு வந்தபோது பழைய கூடுதல் கதைகள் எல்லாம் சாதாரணப் பதிப்பிலேயே இருந்தன. 10 டாலர் டீலக்ஸ் அப்கிரேடில் சில புதிய தேடல்களோடு (கேமுக்குள் செய்து முடிக்க வேண்டிய பணிகள்) குதிரைக் கவசமும் மறுபடி வந்து நின்றது!

கேள்வி: டீலக்ஸ் பதிப்பை முன்பதிவு செய்து, மூன்று நாள் முன்னதாகவே ஆடிப் பார்த்து, பிடிக்காவிட்டால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம் என்கிறான் என் நண்பன். நடக்குமா?
– ஒரு கல்லூரி மாணவர், மதுரை

பதில்: உங்கள் நண்பர் பழைய கதையைச் சொல்கிறார். ஸ்டீமில் பொதுவான விதி, வாங்கிய 14 நாட்களுக்குள், ஆடிய நேரம் இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக இருந்தால் பணம் திரும்பக் கிடைக்கும் என்பதாகும். வெளியீட்டு நாளுக்கு முன்பு ஆடும் நேரத்தை ஒரு காலத்தில் அவர்கள் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. 2024 ஏப்ரல் முதல் அதையும் சேர்த்துக்கொள்கிறார்கள். அப்கிரேடைத் தனியாக வாங்கினால், அதை வாங்கிய பிறகு மூலக் கேமை ஆடிய நேரம்தான் கணக்கு. பிளேஸ்டேஷன் என்ற கேம் கருவிக்கான இணையக் கடையில் கெடுபிடி இன்னும் அதிகம். அங்கும் 14 நாள் உண்டு என்றாலும், பதிவிறக்கத்தைத் தொடங்கிவிட்டாலே, பழுதுள்ள சரக்காக இருந்தாலொழிய, அந்த உரிமை போய்விடும்.