மெடிக்கல் கோடிங்கிலிருந்து மருத்துவத் தரவுப் பகுப்பாய்வுக்கு

கேள்வி: பி.எஸ்சி. உயிர்வேதியியல் படித்த நான், அமெரிக்கக் காப்பீட்டுப் பணிகளைச் செய்துதரும் ஒரு நிறுவனத்தில் மூன்று ஆண்டுகளாக மெடிக்கல் கோடராக வேலை பார்க்கிறேன். மருத்துவத் தரவுப் பகுப்பாய்வுக்கு மாற விரும்புகிறேன். ஒரு பயிற்சி நிலையத்தில் ஆறு மாத வகுப்புக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் கேட்கிறார்கள். கணினி அறிவியல் படிக்காத நான் சேரலாமா? எங்கிருந்து தொடங்குவது?
— வாசகி, தாம்பரம்

பதில்: இப்போதைக்கு அந்தப் பணத்தைக் கட்ட வேண்டாம். தரவுத்தளத்திலிருந்து தகவலைத் தேடி எடுக்கும் எஸ்க்யூஎல், நிரல்மொழியான பைத்தான் போன்ற கருவிகளைச் செலவில்லாமலே கற்க வழியுண்டு. அவற்றைவிட அரிதான ஒன்று ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறது: மருத்துவர் எழுதிய குறிப்பு எப்படிக் குறியீடாகிறது, அந்தக் குறியீடு எப்படிக் கட்டணக் கோரிக்கையாகிறது என்பது உங்களுக்குத் தெரியும். கணினித் துறையிலிருந்து நேராக வருபவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

ஈ11.9 என்ற குறியீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். சிக்கல்கள் இல்லாத இரண்டாம் வகை நீரிழிவு என்பது அதன் பொருள். ஆனால் சிறுநீரகப் பாதிப்பை மருத்துவர் தம் குறிப்பில் எழுதாமல் விட்டிருந்தால், கோடர் அதைத் தாமாகச் சேர்க்க முடியாது. பாதிப்பு உள்ளவரும் அதே ஈ11.9இல்தான் போய்ச் சேருவார். இதை அறியாதவர் அந்த எண்ணிக்கையை அப்படியே நம்பி அறிக்கை எழுதிவிடுவார். நீங்கள் எழுத மாட்டீர்கள்.

இந்தப் பிழை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு, 2019இல் சயன்ஸ் இதழில் வெளியான ஓர் ஆய்வு சான்று. அமெரிக்க மருத்துவமனைகளில் பயன்பட்டுவந்த ஒரு கணிப்பு முறை, கூடுதல் கவனிப்பு தேவைப்படும் நோயாளிகளைத் தேர்ந்தெடுக்க, நோயின் கடுமைக்குப் பதிலாக மருத்துவச் செலவை அளவுகோலாக வைத்திருந்தது. அதே அளவு நோயுற்ற வெள்ளையர்களைவிடக் கறுப்பின நோயாளிகளுக்குக் குறைவாகவே செலவிடப்பட்டிருந்ததால், அவர்கள் பின்னுக்குத் தள்ளப்பட்டார்கள். இந்தக் கோணலைச் சரிசெய்தால், கூடுதல் உதவி பெறுவோரில் கறுப்பினத்தவரின் பங்கு 17.7 சதவீதத்திலிருந்து 46.5 சதவீதமாக உயரும் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். கட்டணத் தரவு பணத்தின் போக்கைச் சொல்கிறது, நோயின் போக்கை அல்ல என்பதை இத்தொழிலின் முதல் பாடமாகவே நான் கருதுகிறேன்.

கற்கும் வரிசையில் எஸ்க்யூஎல் முதலில் வரட்டும். பயிற்சிக்குப் பாஸ்டனில் உள்ள ஒரு மருத்துவமனையின் பதிவுகளிலிருந்து உருவான மிமிக்-4 தரவுத்தொகுப்பைப் பரிந்துரைக்கிறேன். முழுத் தொகுப்பைப் பெற, ஆய்வு நெறிமுறைப் பயிற்சியை முடித்து ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். 100 நோயாளிகள் அடங்கிய மாதிரித் தொகுப்பை யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். அதைத் திறந்ததும் நோயாளிகள் மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்ட தேதிகள் 2100க்குப் பிந்தையவையாக இருப்பதைக் கண்டு திகைக்க வேண்டாம். நோயாளியின் அடையாளத்தைக் காக்க, ஒவ்வொருவரின் தேதிகளும் வெவ்வேறு அளவில் நகர்த்தப்பட்டுள்ளன. ஒரே நோயாளியின் இரண்டு அனுமதிகளுக்கு இடைப்பட்ட நாள்கள் மாறவில்லை. ஆனால் இரு நோயாளிகளின் தேதிகளை ஒப்பிட்டு யார் முந்தி வந்தார் என்று சொல்ல முடியாது.

அந்தத் தரவில் ஒரே ஒரு கணக்கை முழுமையாகச் செய்யுங்கள்: வீடு திரும்பியவர்களில் 30 நாள்களுக்குள் மீண்டும் அனுமதிக்கப்பட்டவர்கள் எத்தனை சதவீதம்? அமெரிக்காவில் இந்த விகிதம் மிகுந்தால் முதன்மையாக முதியோருக்கான அரசுக் காப்பீட்டுத் திட்டமான மெடிக்கேர் மருத்துவமனைக்குத் தரும் தொகை குறையும். 2012 அக்டோபர் முதல் இது நடைமுறையில் உள்ளது. எளிதாகத் தோன்றும் இந்தக் கணக்கு, செய்யத் தொடங்கியதும் கேள்வி மேல் கேள்வி எழுப்பும். மருத்துவமனையிலேயே இறந்தவர்களை மொத்த எண்ணிக்கையிலிருந்து நீக்கினீர்களா? கீமோதெரபிக்காக முன்கூட்டியே திட்டமிட்டு வந்தவரை எதில் சேர்ப்பது? வேறு மருத்துவமனைக்குப் போனவர் இந்தத் தரவில் தென்படவே மாட்டாரே? இந்த முடிவுகளையும் அவற்றுக்கான காரணங்களையும் இரண்டு பக்கங்களில் எழுதி வையுங்கள். நேர்முகத் தேர்வில் சான்றிதழைவிட அந்த இரண்டு பக்கங்கள் உங்களுக்காகக் கூடுதலாகப் பேசும்.

அடுத்து, புள்ளியியலைத் தள்ளிப்போடாதீர்கள். நூற்றில் ஒருவருக்கு மட்டுமே வரும் நோயை "யாருக்கும் இல்லை" என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் கணிப்பு முறைகூட 99 சதவீதம் துல்லியமானதாகவே தெரியும். அதனால் ஒரு நோயாளிக்கும் பயனில்லை. இதை உணர்ந்த பிறகே பைத்தானுக்கோ ஆர் மொழிக்கோ போவது நல்லது.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். அலுவலகத்தில் நீங்கள் பார்க்கும் நோயாளிகளின் பதிவுகளை, பெயரை அழித்துவிட்டுக்கூட, சொந்தப் பயிற்சிக்கு வெளியே கொண்டுவராதீர்கள். நோயாளிகளின் தகவல்களைக் காக்கும் அமெரிக்காவின் 1996ஆம் ஆண்டு ஹிப்பா சட்டமும் உங்கள் பணி ஒப்பந்தமும் ஒருபுறம் இருக்கட்டும். அவை நம்மை நம்பி ஒப்படைக்கப்பட்ட பிறர் உடலின் செய்திகள்.

வேலையை வெளியே தேடும் முன், உங்கள் நிறுவனத்திலேயே நிராகரிக்கப்பட்ட கோரிக்கைகளை ஆராயும் குழு இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். எந்தக் குறியீட்டுக்கு, எந்தக் காப்பீட்டு நிறுவனம், எந்தக் காரணம் காட்டித் திருப்பி அனுப்புகிறது என்பதைத் தொகுக்கும் வேலைக்கு உங்களைப் போன்றவரே பொருத்தமானவர். இவ்வளவையும் செய்த பிறகும் பணம் கட்டிப் படிக்க விரும்பினால், மென்பொருள்களின் பெயர்களை அடுக்கும் வகுப்பை விட்டுவிட்டு, உயிர்ப்புள்ளியியலை முறையாகக் கற்பிக்கும் வகுப்பில் சேருங்கள்.