லீவரை எலி எத்தனை தடவை அழுத்தியது?

அன்புள்ள சார்,

லீவரை எலி அழுத்தினால் வால்வு திறந்து ஒரு சொட்டுத் தண்ணீர் விழும் பெட்டி ஒன்றை ஆய்வுக்காகச் செய்திருக்கிறேன். ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினி, பைத்தான் மொழியில் நிரல். ஒருமுறை அழுத்தினால் மூன்று, நான்கு என்று பதிவாகிறது. தண்ணீர் விழும்போது அழுத்தினால் பதிவாவதே இல்லை. இன்னும் வேகமான கணினி வாங்க வேண்டுமா?

ஓர் ஆய்வு மாணவர்

அன்புள்ள நண்பருக்கு,

வாங்காதீர்கள். 1965-ல் வந்த பிடிபி-8 என்ற கணினி இந்த வேலையைத்தான் செய்துகொண்டிருந்தது. அதன் அடிப்படை நினைவகம் வெறும் 4096 சொற்கள், அதாவது 4096 எண்கள் வைக்கும் இடம். அதற்கும் முன்னால் அலமாரி நிறைய ரிலேக்கள் எனும் மின்காந்த சுவிட்சுகள் சடசடத்துக்கொண்டிருந்தன.

மூன்று, நான்காக ஏறுவது சுவிட்சின் சேட்டை. உள்ளிருக்கும் தகடுகள் தொட்டதும் ஒட்டிக்கொள்வதில்லை. சில மில்லிசெகண்டுகள் துள்ளிவிட்டுத்தான் அடங்கும். ஒவ்வொரு துள்ளலும் உங்களுக்கு ஓர் அழுத்தல். நானும் ஒரு காலத்தில் இரண்டு நாள் என் எலியின் புத்திசாலித்தனத்தை மெச்சிக்கொண்டிருந்தேன், மின்னலையைத் திரையில் காட்டும் ஆசிலாஸ்கோப்பில் பார்க்கும்வரை. முதல் தொடுகையின் நேரத்தைக் குறித்துக்கொண்டு, அடுத்த 20 மில்லிசெகண்டு வருவதைக் கண்டுகொள்ளாதீர்கள். லீவரை விடும்போதும் துள்ளும், அதையும் கவனியுங்கள்.

இரண்டாவது சிக்கல் உங்கள் நிரலில். வால்வைத் திறந்துவிட்டு, நிரலைக் கொஞ்ச நேரம் நிறுத்திவைக்கும் 'ஸ்லீப்' கட்டளையைப் போட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நிரல் தூங்கும்போது லீவரை யார் பார்ப்பது? வால்வு திறந்த நேரத்தைக் குறித்துவைத்துவிட்டு, நிரல் லீவரைப் பார்த்தபடி சுற்றிக்கொண்டே இருக்கட்டும். நேரம் கடந்ததும் மூடட்டும். காத்திருப்பு, தண்ணீர், இடைவேளை என்று ஒவ்வொரு நிலைக்கும் ஒரு வட்டம் போட்டு, எது நடந்தால் எதற்குப் போவது என அம்புக்குறி வரைந்துவிட்டு எழுத உட்காருங்கள். பிடிபி-8 காலத்து ஸ்கெட் என்ற நிரல் மொழியிலும் இப்படி நிலை நிலையாகத்தான் எழுதினார்கள்.

அப்புறம், ராஸ்பெர்ரி பையில் ஓடுவது லினக்ஸ் இயங்குதளம். நடுவில் அதற்கு வேறு வேலை வந்தால் உங்கள் நிரல் கொஞ்சம் காத்திருக்க வேண்டியதுதான். லீவரை மட்டும் எண்ணுவதென்றால் பரவாயில்லை. மூளை அலைப் பதிவோடு நேரத்தைப் பொருத்தப்போகிறீர்கள் என்றால், லீவரையும் வால்வையும் ஆர்டுயினோ ஊனோ ஆர்3 என்ற சிறு கட்டுப்பாட்டுப் பலகையிடம் கொடுத்துவிடுங்கள். 16 மெகாஹெர்ட்ஸ்தான், ஆனால் அதற்குள் வேறு யாரும் குடியில்லை. ராஸ்பெர்ரி பை பதிவுகளைக் கோப்பில் எழுதிக்கொண்டிருக்கட்டும்.

வால்வை இயக்கும் மின்சுருளுக்குக் குறுக்கே, மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் விடும் டையோடு போட்டிருக்கிறீர்களா? இல்லாவிட்டால் வால்வு மூடும்போது எழும் மின்னழுத்தத் துடிப்பே ஓர் அழுத்தலாகப் பதிவாகலாம்.

எல்லாம் முடிந்ததும் எலிக்கு முன்னால் நீங்களே விரலால் 100 தடவை அழுத்துங்கள், தண்ணீர் விழும்போதும் சேர்த்து. கோப்பில் சரியாக 100 வந்தால் எலியை உள்ளே விடலாம்.