முதலில் ஆறு டம்ளர் போதும்: கண்ணாடிச் சாமான் கேள்வி-பதில்

பாத்திரக் கடையில் கண்ணாடிப் பிரிவில் இருபது வருடத்துக்கு மேல் நின்றவன் நான். முகூர்த்த மாதங்களில் பெட்டி பெட்டியாக செட் கட்டிக் கொடுத்திருக்கிறேன். அதே வீட்டுக்காரர்கள் ஒன்றிரண்டு வருடம் கழித்து, மிஞ்சிய ஒற்றை டம்ளரைப் பையில் போட்டு எடுத்து வந்து, "இதே மாதிரி இன்னும் ரெண்டு கிடைக்குமா?" என்று கேட்பார்கள். பெரும்பாலும் கிடைக்காது. இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பிய அந்த முகங்களை நினைத்துக்கொண்டுதான் இந்தப் பதில்களை எழுதுகிறேன்.

திருப்பூரில் தனிக்குடித்தனம் வந்திருக்கிறோம். கண்ணாடிச் சாமானுக்கு 3,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறோம். டின்னர் செட் ஒன்று தள்ளுபடியில் இருக்கிறது. வாங்கிவிடலாமா?

வேண்டாம். பெட்டியின் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் பட்டியலை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். குட்டிக் கிண்ணங்கள், சூப் கிண்ணங்கள், அவற்றுக்கான கரண்டிகள் என்று எண்ணிக்கை ஏறியிருக்கும். தினமும் நீங்கள் கையில் எடுக்கப்போவது டம்ளர், இரண்டு மூன்று கிண்ணம், மளிகைக்குச் சில ஜாடி. உடைவதும் அவைதான். செட்டில் ஒரு தட்டு போனால் அந்தப் பூ டிசைன் மறு வருடம் கடையில் இருக்காது. ஐந்து தட்டும் ஆறு கிண்ணமுமாக அலமாரியில் ஏறி உட்கார்ந்துவிடும்.

லூஸில் வாங்குங்கள். முதல் மாதம் டம்ளர் மட்டும். ஆறு வேண்டுமென்றால் எட்டு வாங்கி, இரண்டைக் காகிதம் சுற்றிப் பரணில் வையுங்கள். பூ வேண்டாம், தங்கக் கோடு வேண்டாம், நிறம் வேண்டாம். நேரான அல்லது கொஞ்சம் விரிந்த வாய், சற்றே உருண்ட விளிம்பு, கனமான அடி. இது தண்ணீருக்கும் மோருக்கும்தான், காபி டம்ளரைப் பற்றி அடுத்த பதிலில் சொல்கிறேன். கடையில் "ஹோட்டலுக்குப் போகிற மாடல் எது?" என்று கேளுங்கள். ஹோட்டலில் தினமும் உடையும், தினமும் ஈடுகட்ட வேண்டும். அதனால் அந்த மாடலைத் தொழிற்சாலை எளிதில் நிறுத்தாது. பிரான்சின் டியூராலெக்ஸ் நிறுவனம் பிகார்டி என்ற பட்டை வைத்த டம்ளரை 1954 முதல் அதே உருவத்தில் செய்துவருகிறது. அதன் விலை நமக்குத் தேவையில்லை, அந்தக் கணக்கு மட்டும் போதும். வடோதராவின் யேரா, தாய்லாந்தின் ஓஷன் போன்றவற்றிலும் வருடக்கணக்காக மாறாத சாதா மாடல்கள் உண்டு.

சென்னையில் இருப்பவர்கள் பாரிமுனையை ஒட்டிய மொத்த வியாபாரத் தெருக்களுக்குப் போகலாம். மற்ற ஊர்களில் கேன்டீனுக்கும் மண்டபத்துக்கும் சாமான் போடுகிற கடையைத் தேடுங்கள். டஜன் கணக்கில்தான் தருவார்கள். பக்கத்து வீட்டோடு பங்கு போட்டுக்கொண்டால் இருவருக்கும் லாபம்.

வாங்கும்போது அவசரப்படாதீர்கள். வாய் விளிம்பை விரல் நுனியால் மெதுவாக ஒரு சுற்று வருடிப் பாருங்கள், சில்லு பெயர்ந்திருந்தால் அங்கே தட்டும். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் விரிசல் மின்னும். மேஜையில் வைத்து லேசாகத் தட்டினால் ஆடக்கூடாது. ஒன்றுக்குள் ஒன்றை வைத்துப் பாருங்கள். இறுக்கமாக உட்கார்ந்தால் வேறு மாடல் கேளுங்கள்.

இரண்டாவது மாதம் மூன்று அளவில் கிண்ணம். மூன்றாவது மாதம் ஜாடி, எல்லாவற்றுக்கும் ஒரே வாயகலம் இருக்கும்படி. அப்போது ஒரு மூடி போனாலும் இன்னொன்று பொருந்தும். 3,000 ரூபாயை ஒரே நாளில் செலவழிக்க வேண்டியதே இல்லை.

சூடாகக் காபி ஊற்றினேன், டம்ளரின் அடி வளையமாகக் கழன்று வந்துவிட்டது. புது டம்ளரை உப்புத் தண்ணீரில் கொதிக்க வைத்தால் பழகிவிடும் என்கிறார் மாமியார். ஸ்பூன் போட்டு ஊற்றச் சொல்கிறார் நாத்தனார். யார் சொல்வது சரி?

நாத்தனார் சொல்வதில் பாதி சரி. மாமியார் சொல்வது பல வீடுகளில் நம்பிச் செய்வதுதான், ஆனால் அதனால் பலனில்லை. கண்ணாடிக்குள் இருக்கும் இறுக்கம் தளர வேண்டுமானால் 500 டிகிரிக்கும் மேலே சூடேறி மெல்ல ஆற வேண்டும். அதைத் தொழிற்சாலையிலேயே செய்துதான் அனுப்புகிறார்கள். நம் அடுப்பில் தண்ணீர் 100 டிகிரியோடு நின்றுவிடும்.

நடந்தது இதுதான். சாதாரண டம்ளர் சோடா-சுண்ணாம்புக் கண்ணாடி. அதில் ஏறக்குறைய 70 சதவீதத்துக்கு மேல் மணல், மீதியில் பெரும்பங்கு சோடாவும் சுண்ணாம்பும். கண்ணாடி சூட்டை மெதுவாகத்தான் கடத்தும். காபி பட்டதும் உள்பக்கம் விரிகிறது, வெளிப்பக்கம் இன்னும் குளிர்ந்தே இருக்கிறது. அந்த இழுபறியில் விரிசல் விழுகிறது. அடி கனமாக இருந்தால் இழுபறி இன்னும் அதிகம், அதனால்தான் அடியே முதலில் போகிறது. "கெட்டியான டம்ளர், தாங்கும்" என்று நினைத்துக் கனமானதைத் தேடி வாங்கி ஏமாந்தவர்கள் நிறையப் பேர். டீக்கடை கிளாஸ் நாள் முழுக்கத் தாங்குவதைப் பார்த்திருப்பீர்கள். மாஸ்டர் அதை வெந்நீரில் அலசி எடுத்து உடனே டீ ஊற்றுகிறார். கிளாஸ் ஏற்கெனவே சூடாக இருக்கிறது. நீங்களும் அதையே செய்யுங்கள். ஸ்பூன் கொஞ்சம் சூட்டை இழுத்துக்கொள்ளும், உதவும். வெந்நீர் அலசல் அதைவிட நல்லது.

காபிக்கென்றே வாங்குவதானால் போரோசிலிகேட் கண்ணாடி வாங்குங்கள். இதில் போரான் ஆக்சைடு 12, 13 சதவீதம் சேர்கிறது. சூட்டில் விரிவது சாதாரணக் கண்ணாடி விரிவதில் மூன்றில் ஒரு பங்குதான். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மனியின் ஓட்டோ ஷாட் சோதனைக்கூடக் கருவிகளுக்காக உருவாக்கிய கண்ணாடி இது. அது சமையலறைக்கு வந்த கதை எனக்குப் பிடித்தமானது. அமெரிக்காவின் கார்னிங் கண்ணாடித் தொழிற்சாலையில் வேலை பார்த்த விஞ்ஞானி ஒருவரின் மனைவி பெஸ்ஸி லிட்டில்டன். 1913இல் கணவர் கொண்டுவந்து கொடுத்த, அறுத்த கண்ணாடி பேட்டரி ஜாடியின் அடிப்பாகத்தில் கேக் சுட்டுப் பார்த்தார். 1915இல் பைரெக்ஸ் என்ற பெயரில் கார்னிங்கின் கண்ணாடிச் சமையல் பாத்திரங்கள் கடைக்கு வந்தன. நம் நாட்டில் 1962இல் தொடங்கிய போரோசில் முதலில் சோதனைக்கூடங்களுக்குக் குடுவை செய்த பிறகே வீட்டுப் பாத்திரத்துக்கு வந்தது.

ஆனால் பெயரை மட்டும் நம்பாதீர்கள். அமெரிக்காவில் இன்று பைரெக்ஸ் என்ற பெயரில் விற்கும் பாத்திரங்கள் கடினமாக்கிய சோடா-சுண்ணாம்புக் கண்ணாடி. பெட்டியில் "போரோசிலிகேட்" என்ற சொல் இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். அது இருந்தாலும் நேரடி அடுப்புத் தீயில் வைக்கக்கூடாது, சூட்டோடு ஈரமான கிரானைட் மேடையில் வைக்கக்கூடாது. செலவைக் குறைக்க வழி: காபிக்கு நான்கு போரோசிலிகேட், மோருக்கும் தண்ணீருக்கும் சாதா டம்ளர்.

ஹார்லிக்ஸ் பாட்டில்களை அம்மா தூக்கிப்போட விடமாட்டேன் என்கிறார். இவற்றையெல்லாம் கலெக்‌ஷன் என்று சொல்ல முடியுமா?

தாராளமாக. நம் வீடுகளின் முதல் கண்ணாடிச் சேகரிப்பே அதுதான். பருப்பும் மிளகும் அதில்தான் இருந்தன. லேபிளை வெந்நீரில் ஊறவைத்து உரியுங்கள். பசை போகாவிட்டால் தேங்காய் எண்ணெய் தடவி அரை மணி நேரம் கழித்துத் தேய்த்தால் வந்துவிடும். ஒரே அளவில் ஆறு சேர்ந்ததும் ஒரே நிற மூடி வாங்கிப் போடுங்கள். அலமாரி அடையாளமே மாறிவிடும். ஊறுகாய்க்கு மட்டும் தகர மூடி வேண்டாம். உப்பும் புளிப்பும் கண்ணாடியை ஒன்றும் செய்யாது, தகரத்தைத் தின்றுவிடும்.

காரைக்குடியில் பழைய கண்ணாடி ஜாடி, கிண்ணம் எல்லாம் விற்கிறார்கள். எல்லாமே பெல்ஜியம் என்கிறார்கள். எப்படி நம்பி வாங்குவது?

முனீஸ்வரன் கோயில் தெருவைச் சொல்கிறீர்கள். எனக்கு ஒரு முழு நாள் போதாத தெரு அது. செட்டிநாட்டு வீடுகளில் இருந்து வந்த எனாமல் சட்டியும் மர அலமாரியும் கண்ணாடியும் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். பெல்ஜியம் என்ற சொல்லுக்காகக் கூடுதலாக ஒரு ரூபாயும் தராதீர்கள். பிடித்திருக்கிறதா, பழுதில்லையா, விலை கட்டுப்படியாகிறதா என்று மட்டும் பாருங்கள்.

இருந்தாலும் சில அடையாளங்கள் உண்டு. பட்டை தீட்டிய கண்ணாடியின் வெட்டு, விரலில் கூர்மையாகப் படும். அச்சில் வார்த்ததின் ஓரங்கள் மழுங்கியிருக்கும், பக்கவாட்டில் மேலிருந்து கீழாக மெல்லிய கோடு ஓடும். வார்ப்புதான் விலை குறைவு. உண்மையிலேயே புழங்கிய பாத்திரத்தின் அடி வளையத்தில் நுண்ணிய கீறல்கள் பல திசைகளில் கிடக்கும். ஒரே திசையில், ஒரே சீராக இருந்தால் உப்புத்தாள் வைத்துத் தேய்த்ததோ என்று சந்தேகப்படலாம். காற்றுக் குமிழ் இருப்பது பழமைக்குச் சாட்சி ஆகாது. ஆக்ராவுக்குப் பக்கத்தில் ஃபிரோசாபாத்தில் கையால் ஊதும் புதுச் சாமான்களிலும் குமிழ் இருக்கும். அது குறையும் இல்லை. எனக்கு அந்தக் குமிழ்கள் பிடிக்கும்.

மலிவாக வேண்டுமா? மூடி தொலைந்த ஜாடி, ஜோடி பிரிந்த கிண்ணம் இவற்றைக் கேளுங்கள். கடைக்காரருக்கு அவை விற்காத சரக்கு. உங்களுக்கு மணி பிளான்ட் வைக்கவும் கரண்டி நிறுத்தி வைக்கவும் ஆகும்.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். கையில் எடுத்தால் எதிர்பாராத கனம், சுண்டினால் மணி மாதிரி நீண்ட நாதம் என்றால் அது ஈயம் (லெட்) கலந்த கிரிஸ்டலாக இருக்கலாம். ஐரோப்பாவின் 1969ஆம் ஆண்டு விதிப்படி, ஈயக் கிரிஸ்டல் என்று விற்கவே குறைந்தது 24 சதவீதம் ஈய ஆக்சைடு இருக்க வேண்டும். எலுமிச்சைச் சாறு போன்ற புளிப்பான பொருளை அதில் ஊற்றி வைத்தால் ஈயம் கரைந்து இறங்கும். பழைய டம்ளர்களில் வெளியே தீட்டிய பளீர் நிறப் பூக்களிலும் ஈயமும் காட்மியமும் இருந்திருக்கின்றன. வாய் படும் இடத்தில் வர்ணம் இருந்தால் அதில் குடிக்க வேண்டாம். இவற்றை அலமாரியில் வைத்துப் பார்த்து ரசிக்கலாம். குழந்தைக்கு அதில் ஜூஸ் ஊற்றிக் கொடுத்துவிடாதீர்கள்.

போர் தண்ணீரில் கழுவிக் கழுவி டம்ளரெல்லாம் மங்கிவிட்டது. புதிதாக வாங்குவதுதான் வழியா?

அவசரப்பட வேண்டாம். மங்கிய இடத்தில் வினிகர் சில சொட்டு விட்டு ஐந்து நிமிடம் கழித்துத் தேயுங்கள். அந்த இடம் மட்டும் தெளிந்தால் அது சுண்ணாம்புப் படிவுதான். வினிகரும் வெந்நீரும் சரிபாதி கலந்து அரை மணி நேரம் ஊறவைத்து, பழைய பருத்தித் துணியால் தேய்த்தால் போய்விடும். எலுமிச்சைத் தோலும் வேலை செய்யும். தெளியவில்லை என்றால் கண்ணாடியின் மேற்பரப்பே அரித்துப்போயிருக்கிறது, அதைத் திருப்ப முடியாது. பாத்திரம் கழுவும் மெஷினில் வருடக்கணக்காகப் போட்டவற்றில் இதைப் பார்க்கலாம். இனிமேல் கழுவியதும் தானாகக் காயவிடாமல் துணியால் துடைத்து வையுங்கள். தண்ணீர் காய்ந்துபோகும், உப்பு தங்கிவிடும்.

ஒன்றுக்குள் ஒன்று மாட்டிக்கொண்ட இரண்டு டம்ளரை எப்படிப் பிரிப்பது?

உள் டம்ளரில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றி, வெளி டம்ளரை வெதுவெதுப்பான தண்ணீரில் நிறுத்துங்கள். உள்ளது சுருங்கும், வெளியே உள்ளது விரியும். ஐஸும் கொதிநீரும் வேண்டாம். திருகி இழுக்கவே கூடாது, கையில் உடையும்.

ஓபல் தட்டு கண்ணாடியா, பீங்கானா?

கண்ணாடிதான். உருகும்போதே ஃப்ளோரைடு போன்ற பொருள்களைச் சேர்ப்பதால் உள்ளே நுண்துகள்கள் உண்டாகி, ஒளி சிதறி வெள்ளையாகத் தெரிகிறது. பீங்கானைவிட மெல்லிசு, எடை குறைவு, கறை பிடிக்காது. சாம்பார் மஞ்சள்கூட ஏறாது. லா ஓபாலாவும், போரோசிலின் லாராவும் இந்த வகைதான். போரோசில் பெயர் இருப்பதால் தட்டும் போரோசிலிகேட் என்று நினைத்துக்கொண்டு ஓவனில் வைத்துவிடாதீர்கள். தங்கக் கோடு இல்லாத ஓபலில் மைக்ரோவேவில் சாப்பாட்டைச் சுட வைக்கலாம். இதிலும் முழு வெள்ளையே வாங்குங்கள். வெள்ளையோடு வெள்ளை எந்த வருடத்திலும் சேரும்.

இரண்டு வயதுக் குழந்தை இருக்கிறது. கண்ணாடியே வேண்டாமா?

வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். டஃபன்டு, அதாவது கடினமாக்கிய கண்ணாடியில் சின்ன டம்ளராக வாங்குங்கள். 600 டிகிரிக்கு மேல் சூடாக்கிச் சட்டென்று குளிர்வித்துச் செய்வது. சாதாரணக் கண்ணாடியைவிடப் பல மடங்கு அடி தாங்கும். உடைந்தால் நீளமான கத்திச் சில்லுகளாக இல்லாமல் பொடிப்பொடியாக உதிரும். ஆனால் இது ஒரு நாள் காரணமில்லாமல் வெடித்ததுபோல் உடையலாம். காரணம் இருக்கும்: பழைய கீறல். அதனால் கம்பி நார் போடவே கூடாது. ஆழமான கீறல் விழுந்த டம்ளரைக் குழந்தையிடம் தராதீர்கள்.

உடைந்ததை எப்படி அப்புறப்படுத்துவது? குப்பையில் அப்படியே போட மனம் வரவில்லை.

மனம் வராததே சரி. பெரிய துண்டுகளைப் பழைய செய்தித்தாளில் நான்கைந்து சுற்று சுற்றி, அட்டைப்பெட்டியில் போட்டு ஒட்டி, மேலே பெரிதாகக் "கண்ணாடி" என்று எழுதுங்கள். தூய்மைப் பணியாளரிடம் கையில் கொடுத்து, வாயாலும் சொல்லுங்கள். அவர்களில் எத்தனையோ பேர் வெறும் கையால் பிரிக்கிறார்கள். போரோசிலிகேட் துண்டுகளைக் காயலான் கடைக்குப் போகும் பாட்டில்களோடு கலக்காதீர்கள். அது உருகும் சூடு வேறு, மொத்த உருக்கலையும் கெடுத்துவிடும்.

தரையில் மிஞ்சிய பொடிக்குக் கொஞ்சம் கோதுமை மாவைப் பிசைந்து உருட்டி ஒற்றி எடுங்கள், பிறகு அந்த உருண்டையையும் அதே பெட்டியில் போடுங்கள். விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைத் தரையோடு தரையாகப் படுக்க வைத்து அடியுங்கள். கண்ணில் படாமல் ஒளிந்திருந்த சில்லு ஒவ்வொன்றும் மினுங்கும். ஃப்ரிட்ஜுக்கு அடியிலும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.