கைதட்டினார்கள், கலைந்து போனார்கள். இனி எங்கே தொடங்குவது?

கேள்வி: கடலூருக்கு வடக்கே, தென்பெண்ணை ஆற்றை ஒட்டியது எங்கள் பங்கு, அதாவது ஒரு கத்தோலிக்கக் கோயிலைச் சேர்ந்த மக்கள். ஒரு தெருவில் மீனவர்கள், ஆற்றுப் பக்கம் விவசாயமும் கூலி வேலையும் செய்கிறவர்கள், மெயின் ரோட்டில் எங்களைப் போல மாதச் சம்பளக்காரர்கள். நான் பள்ளி ஆசிரியை. ஃபாதரோடு சேர்ந்து பங்கின் காரியங்களைப் பேசி முடிவு செய்யும் பங்குப் பேரவையில் இருக்கிறேன். ஃபெஞ்சல் புயல் வெள்ளத்துக்குப் பிறகு, காலநிலை மாற்றம் குறித்துப் பங்கே சேர்ந்து ஏதாவது செய்ய வேண்டும் என்று ஒரே தவிப்பு. ஃபாதரிடம் கேட்டுக்கொண்டு ஒரு ஞாயிறு பூசை முடிந்ததும் பத்து நிமிடம் பேசினேன். கைதட்டினார்கள். 40 மரக்கன்று நட்டோம். மே மாத வெயிலில் 3 தவிர எல்லாம் காய்ந்துவிட்டன. பேரவையில் மறுபடி பேச்சை எடுத்தால், "தேர்த் திருவிழாவுக்கே காசு பத்தல" என்கிறார் பொருளாளர். "கோயிலுக்குள்ள அரசியல் வேணாம்மா" என்கிறார் இன்னொருவர். "கடைசிக் காலத்துல இதெல்லாம் நடக்கும்னு பைபிள்லயே இருக்கு, நாம என்ன தடுக்கறது?" என்கிறார் ஜெபக்குழுப் பெரியவர். துணையாக இருக்கும் ஃபாதருக்கும் அடுத்த மே மாதம் மாற்றல் வந்துவிடும். எங்கே தொடங்குவது?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கடலூர்

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மூன்று தெருக்களைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். ஆனால் பேசிய நீங்கள், பதில் சொன்ன மூன்று பேர், எல்லோருமே பேரவைக்காரர்கள். மீனவத் தெருவிலிருந்தோ ஆற்றுப் பக்கத்திலிருந்தோ ஒருவர் சொன்ன ஒரு வார்த்தைகூடக் கடிதத்தில் இல்லை. வெள்ளம் முதலில் நுழைந்தது அவர்கள் வீட்டுக்குள்தானே? தொடங்க வேண்டிய இடமும் அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இதை நான் பட்டுத்தான் சொல்கிறேன். 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது உங்களுக்கு நினைவிருக்கும். பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்துகிடந்ததைப் பார்த்துவிட்டு வந்த வேகத்தில், புதுச்சேரியில் எங்கள் பங்கிலும் ஒரு சுற்றுச்சூழல் குழு அமைத்தோம். 12 பேர். எல்லோரும் படித்தவர்கள், எல்லோரும் இரண்டே தெருக்காரர்கள். கூட்டம் மாலை ஏழு மணிக்கு. மீன் விற்றுவிட்டு வந்து அடுப்பு மூட்டுகிற பெண்கள் அந்த நேரத்தில் எப்படி வருவார்கள் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஆறு மாதத்தில் குழு கரைந்துபோனது. மக்களுக்கு அக்கறை இல்லை என்று அப்போது பேசிக்கொண்டோம். அது பொய். நாங்கள் அவர்களிடம் எதையும் கேட்கவே இல்லை.

ஆகையால் புதிதாக ஒரு குழு வேண்டாம். உங்கள் பங்கில் ஏற்கெனவே அன்பியங்கள் இருக்கின்றன. இருபது முப்பது குடும்பங்கள், வீட்டுக்கு வீடு மாறி நடக்கும் கூட்டம், யார் வீட்டில் யாருக்கு உடம்பு முடியவில்லை என்று தெரிந்த ஒரு பொறுப்பாளர். இதைவிட நல்ல அமைப்பை எந்த இயக்கத்தாலும் ஒரே வருடத்தில் கட்ட முடியாது. ஒவ்வோர் அன்பியத்திலிருந்தும் ஒருவரை உங்களோடு சேர்த்துக்கொண்டு இரண்டிரண்டு பேராக வீடுகளுக்குப் போங்கள். துண்டறிக்கை எதுவும் கொண்டுபோக வேண்டாம். மூன்று கேள்விகள் போதும். "ஃபெஞ்சல் சமயத்துல தண்ணி எந்தப் பக்கமா வந்துச்சு?" "முதல்ல என்னத்த தூக்குனீங்க?" "மறுபடி வந்தா யார நெனச்சு பயமா இருக்கு?" மூன்றாவது கேள்விக்குப் பிறகு சும்மா இருங்கள். டயாலிசிஸுக்குப் போகும் கணவர், படியிறங்க முடியாத மாமியார், ஏழு மாதக் கர்ப்பிணி மகள் என்று அவர்களே சொல்வார்கள். காலநிலை மாற்றம் உங்கள் ஊரில் எந்த முகத்தோடு இருக்கிறது என்பது அந்தப் பதில்களில்தான் தெரியும். எழுதுவதையெல்லாம் வீட்டுக்கு வந்து எழுதிக்கொள்ளுங்கள். எதிரே உட்கார்ந்து குறிப்பெடுத்தால் கணக்கெடுக்க வந்த அதிகாரி என்று நினைத்துவிடுவார்கள்.

எப்போது போவது என்பதும் முக்கியம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு ஆட்கள் வலை பின்னிக்கொண்டு கரையில் இருப்பார்கள், பேசவும் நேரம் இருக்கும். ஊர்த் தலைவர்களை முதலில் போய்ப் பாருங்கள். அவர்களைத் தாண்டிக்கொண்டு எதைச் செய்தாலும் மீனவ ஊரில் அது நிற்காது. இன்னொன்று. நம் திருச்சபைக்குள்ளும் சாதி இருக்கிறது என்பது உங்களுக்கும் எனக்கும் தெரியும். முதல் பொதுக்கூட்டம் கோயில் ஹாலில் வேண்டாம். ஆற்றுப் பக்கத் தெருவில் ஒரு வீட்டு வாசலில் நடக்கட்டும். மெயின் ரோட்டுக்காரர்கள் அங்கே நடந்து வந்து தரையில் உட்காரட்டும். வர மறுக்கிறவர்கள் யார் என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். வருகிறவர்கள் அன்றைக்கே பாதி மாறியிருப்பார்கள்.

அந்தக் கூட்டத்தில் அறிவியலும் பேசலாம், ஐந்து நிமிடம். காற்றின் வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் கூடினால் அது தாங்கக்கூடிய நீராவி ஏறத்தாழ 7 சதவீதம் கூடுகிறது. வங்கக் கடலும் சூடாகிக்கொண்டு வருகிறது. அதனால் பெய்கிற மழை முன்பைவிடக் கொட்டித் தீர்க்கிறது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்த பிறகும் நகராமல் மணிக்கணக்கில் அங்கேயே நின்றது. ஒரே நாளில் புதுச்சேரியில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழை. அடுத்து, தென்பெண்ணையின் குறுக்கே இருக்கும் சாத்தனூர் அணை நிரம்பி, விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கும் மேல் தண்ணீரைத் திறந்துவிட வேண்டியதாயிற்று. அது எங்கே வந்து சேர்ந்தது என்பதை உங்கள் மக்களுக்கு நீங்கள் சொல்ல வேண்டியதில்லை, அவர்கள் உங்களுக்குச் சொல்வார்கள்.

எல்லா வீடுகளையும் பார்த்து முடித்த பிறகு, ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். பிளாஸ்டிக் டம்ளர், சோலார், சைக்கிள், மாடித் தோட்டம் என்று பட்டியல் போட்டால் ஆளுக்கொன்றாகப் பிரிந்துபோவார்கள். பங்கு ஓர் உடலாகச் சேர்ந்து கேட்டு வாங்க வேண்டிய ஒன்றாக அது இருக்கட்டும். ஐப்பசி மழைக்கு முன் நடந்ததா இல்லையா என்று குழந்தைகூடச் சொல்லக்கூடியதாக இருக்கட்டும். வீடுகளில் கேட்கும்போது "வாய்க்கால் அடைச்சுக் கெடக்கு" என்ற பேச்சு அடிக்கடி வந்தால் அந்த வாய்க்கால்தான் உங்கள் வேலை. "தண்ணி திறந்தது எங்களுக்குத் தெரியவே தெரியாது" என்று வந்தால் எச்சரிக்கைதான் வேலை. அணையில் திறந்த தண்ணீர் கடலூர் வந்து சேரப் பல மணி நேரம் ஆகும். அந்த நேரத்துக்குள் கோயில் மணியை எந்த விதமாக அடித்தால் என்ன அர்த்தம், அடிப்பது யார், எந்தத் தெருவுக்கு யார் ஓடுவது, ஹால் சாவி யாரிடம் இருக்கும் என்பதை முடிவு செய்து, மழைக்கு முன் ஒரு தடவை அடித்தும் பார்க்கலாம். இதற்குக் காசே தேவையில்லை.

வாய்க்கால் என்றால் கேட்க வேண்டிய இடம் கிராம சபை. தமிழ்நாட்டில் இப்போது வருடத்துக்கு ஆறு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இதில் ஆகஸ்ட் 15 நமக்கு மாதாவின் விண்ணேற்புப் பெருவிழா. ஊரே கோயிலுக்கு வந்திருக்கும். பூசை முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் அப்படியே கிராம சபைக்கு நடந்து போங்கள். பேசுவது நீங்களாக இருக்க வேண்டாம். எந்த வீட்டில் இடுப்பளவு தண்ணீர் நின்றதோ அந்த வீட்டு அம்மா பேசட்டும். கோரிக்கையைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, வாசித்துக் காட்டிய பிறகு கையெழுத்துப் போடுங்கள். தீர்மானத்தின் நகலோடு கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்துக்குப் போய் மனுவுக்கு ரசீது வாங்குங்கள். பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தில், அந்த வாய்க்காலைக் கடைசியாகத் தூர்வாரியது எப்போது, எவ்வளவு செலவு என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். (புதுச்சேரி வாசகர்களுக்கு இந்த வழி இல்லை. அங்கே 2006-க்குப் பிறகு உள்ளாட்சித் தேர்தலே நடக்கவில்லை. கொம்யூன் பஞ்சாயத்து ஆணையரையும் தொகுதி எம்.எல்.ஏ.வையும்தான் பார்க்க வேண்டும்.)

"அரசியல் வேணாம்மா" என்றவருக்கு உங்கள் பதில், கிராம சபைக்குச் சேர்ந்து நடந்து போவதிலேயே இருக்கிறது. கட்சிக் கொடி கிடையாது, வேட்பாளர் யாரும் மேடை ஏறக் கூடாது என்று முதல் நாளே எழுதி ஒட்டிவிடுங்கள். மனுவில் மாரியம்மன் கோயில் தர்மகர்த்தாவின் கையெழுத்தையும் பக்கத்துப் பள்ளிவாசல் ஜமாத்தாரின் கையெழுத்தையும் வாங்குங்கள். சுனாமியின்போது நம் கோயில்களைத் திறந்து எல்லோருக்கும் சோறு போட்டதை யாரும் அரசியல் என்று சொல்லவில்லையே?

பொருளாளரை விட்டுவிடாதீர்கள். கணக்குத் தெரிந்தவர் உங்களுக்குத் தேவை. கோயிலுக்கும் ஹாலுக்கும் சேர்த்து 3,000 சதுர அடிக் கூரை இருந்தால், 5 சென்டிமீட்டர் மழை பெய்கிற ஒரே நாளில் கிட்டத்தட்ட 14,000 லிட்டர் தண்ணீர் அதிலிருந்து வழிகிறது. போன திருவிழாவுக்குத் தண்ணீர் லாரிக்கு எவ்வளவு கொடுத்தோம் என்று அவரையே பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். மழைநீர்க் குழியை அவர் பொறுப்பில் விடுங்கள். 2003-லேயே தமிழ்நாட்டில் கட்டாயமாக்கிய விஷயம்தான். கட்டிய குழியில் மணல் அடைத்திருக்கும், அவ்வளவே.

ஜெபக்குழுப் பெரியவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மூவரில் அவருடைய கேள்விதான் ஆழமானது. அவரிடம் வாதாடப் போகாதீர்கள், பைபிளைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். தொடக்க நூல் 41-ஆம் அதிகாரத்தைச் சேர்ந்து வாசியுங்கள். ஏழு வருடப் பஞ்சம் வரப் போகிறது என்று கடவுளே பார்வோனுக்குக் கனவில் காட்டுகிறார். கடவுள் முடிவு செய்துவிட்டார், நாம் என்ன தடுப்பது என்று யோசேப்பு சொல்லவில்லை. விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்துக் களஞ்சியத்தில் சேர்க்கச் சொன்னார். முன்னறிவிப்பைத் தயாராவதற்கான நேரமாக எடுத்துக்கொண்டார். கடைசிக் காலத்தைப் பற்றித்தான் பேச வேண்டும் என்று அவர் சொன்னால் திருவெளிப்பாடு 11:18-ஐ அவரையே வாசிக்கச் சொல்லுங்கள். மண்ணுலகை அழிப்பவர்களை அழிக்கும் காலம் வந்தது என்று அங்கே இருக்கிறது. பெரியவர் அதை உரக்க வாசித்து முடித்த பிறகு, மணி அடித்ததும் ஆற்றுப் பக்கத் தெருவுக்காக ஜெபமாலை தொடங்குவதும், முதியவர்களை ஹாலில் உட்கார வைத்துக் கவனிப்பதும் ஜெபக்குழுவின் பொறுப்பாக இருக்கட்டுமா என்று கேளுங்கள். மறுக்க மாட்டார்.

மரக்கன்று போனதற்கு வருத்தப்படாதீர்கள். நட்டது ஒரு கூட்டம், தண்ணீர் ஊற்ற வேண்டியவர் யாரென்று எழுதவில்லை. மிஞ்சிய 3 கன்றுகளையும் புதுநன்மை (முதல் நற்கருணை) வாங்கும் பிள்ளைகளிடம் பெயர் சொல்லி ஒப்படையுங்கள். ஆவணி, புரட்டாசியில் பனம்பழம் விழும்போது கொட்டையைப் பொறுக்கி ஏரிக்கரையில் ஊன்றுங்கள். பனைக்கு யாரும் குடம் சுமக்க வேண்டாம். நாளைக்குக் குருத்தோலை ஞாயிறுக்கு ஓலையும் நம் கரையிலேயே கிடைக்கும்.

வாய்க்காலும் மணியும் உலகத்தின் சூட்டைக் குறைக்குமா என்று உங்கள் மனதில் ஓடும். குறைக்காது. 2015-இல் தம் சுற்றுமடலில், பூமியின் அழுகுரலையும் ஏழைகளின் அழுகுரலையும் சேர்த்தே கேட்க வேண்டும் என்றார் போப் பிரான்சிஸ். நீங்கள் முதலில் ஏழைகளின் குரலைக் கேட்கிறீர்கள். ஒரு முறை சேர்ந்து கேட்டு, சேர்ந்து வாங்கிய பங்குதான் அடுத்த பெரிய கேள்விக்கும் நிற்கும். அந்தக் கேள்வி நம் பக்கத்திலேயே, நெய்வேலியில் இருக்கிறது. பழுப்பு நிலக்கரியில் வேலை பார்த்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள் உங்கள் பங்கிலும் இருக்கலாம். அவர்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திப் பேசாதீர்கள். நிலக்கரி குறைந்தாக வேண்டும், அந்தத் தொழிலாளி குடும்பமும் தெருவுக்கு வரக் கூடாது. இரண்டையும் ஒரே மூச்சில் கேட்கிற தைரியம் திருச்சபைக்கு வேண்டும் என்று நான் மனதார நம்புகிறேன். புதுச்சேரியும் கடலூரும் ஒரே உயர்மறைமாவட்டம். உங்களைப் போல நாலு பங்குகள் சேர்ந்தால் ஆயர் இல்லம்வரை போய்ப் பேசலாம். செப்டம்பர் 1 முதல் அக்டோபர் 4, அசிசி புனித பிரான்சிஸ் திருவிழாவரை திருச்சபையே படைப்பின் காலமாகக் கொண்டாடுகிறது. பக்கத்துப் பங்குகளை அழைக்க அதைவிட நல்ல சமயம் இல்லை.

ஃபாதரின் மாற்றல் பற்றி: இப்போதே அவரிடம் ஓர் உதவி கேளுங்கள். மணி அடிக்கும் முறையையும் ஹாலைத் திறந்துவிடும் முடிவையும் பேரவைத் தீர்மானமாகவே பதிவு செய்யச் சொல்லுங்கள். வீடு வீடாகக் கேட்டதை எழுதிய நோட்டு ஒன்று உங்களிடம் சேர்ந்திருக்கும் அல்லவா, புதிய ஃபாதர் வந்த முதல் வாரமே அதை எடுத்துக்கொண்டு, உங்களோடு அந்த வீடுகளுக்குப் போன மீனவத் தெரு அம்மா ஒருவரையும் கூட்டிக்கொண்டு பங்கு இல்லத்துக்குப் போங்கள். எந்த வீட்டில் நடக்க முடியாத பாட்டி, எந்த வீட்டுக்குப் படகு தேவைப்படும் என்று அந்த அம்மாவே அவருக்கு வாசித்துக் காட்டட்டும்.